சீப்பில் ஏறிய மின்னூட்டம் எங்கே போயிற்று?

பிளாஸ்டிக் சீப்பால் தலைமுடியை நன்றாகச் சீவிவிட்டு, அதைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுபோனால் அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். மின்னூட்டத்தைப் பற்றிய பாடம் எந்த ஊரிலும் இந்தச் சோதனையில்தான் தொடங்குகிறது. மீனவர்கள் பெண்கடல் என்று அழைக்கும் பாக் விரிகுடாவின் கரையில், இராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாக அறிவியல் கற்பித்துவரும் எனக்கு, ஆண்டின் பெரும்பாலான நாட்களில் இச்சோதனை எங்கள் வகுப்பறையில் நடக்காது என்பது நன்றாகத் தெரியும். சென்ற ஐப்பசியில் ஒரு நாள், வானம் மூடிக்கிடந்த காலை வேளையில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆளுக்கொரு சீப்பை வைத்துக்கொண்டு சீவினார்கள். ஒரு துணுக்குகூட அசையவில்லை. ஆனால் மறுநாள் குறிப்பேடுகளைத் திருத்த உட்கார்ந்தபோது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் "காகிதத் துணுக்குகள் சீப்பால் ஈர்க்கப்பட்டன" என்றே எழுதியிருந்தது. கண்ணால் காணாததை, பாடம் சொல்கிறது என்பதற்காகக் கண்டதாக எழுதும் பழக்கம் இப்படித்தான் பிள்ளைகளிடம் வேர்விடுகிறது என்பதை நினைக்கையில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாயிற்று.

ஒரு மாணவி மட்டும் "ஈர்க்கப்படவில்லை" என்று எழுதியிருந்தாள். அவளை அழைத்து அது சரிதான் என்று சொன்னபோது, "சார், சீப்புல மின்னூட்டம் வரவே இல்லையா, இல்ல வந்துட்டு எங்கேயாவது போயிடுச்சா?" என்று கேட்டாள். இந்தப் பாடத்தில் கேட்கத்தக்க கேள்விகளில் இதைவிடச் சிறந்ததை நான் கேட்டதில்லை. மின்னூட்டம் என்பது என்ன, அது எங்கிருந்து வருகிறது, எதன் வழியாக நகர்கிறது, எதில் தங்குகிறது என்ற அடிப்படைகள் எல்லாமே இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. அவளுக்கு நான் சில நாட்களாகச் சொல்லிவந்த விடையை, நம் கரையோரப் பள்ளிகளில் படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில், சீப்பே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை. மேசையின் மேல் செல்லோ டேப் ஒன்றை ஒட்டிவிட்டு, அதன்மேல் ஒரு சாண் நீளமுள்ள இன்னொரு துண்டை ஒட்டி, மேல் துண்டை மட்டும் வெடுக்கென்று உரித்தெடுங்கள். இதேபோல் மற்றொரு துண்டையும் உரித்து, இரண்டையும் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு அருகருகே கொண்டுவந்தால், அவை ஒன்றையொன்று விலக்கி வளைந்து நிற்கும். அடுத்து, ஒரு துண்டின் முதுகில் மற்றொரு துண்டை ஒட்டி, இரண்டையும் சேர்த்தே மேசையிலிருந்து உரித்து, முதுகுப் பக்கத்தை விரலால் ஒருமுறை வருடிவிட்டு, பிறகு இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரியுங்கள். இப்போது அவை விலகுவதில்லை. தாவி வந்து ஒட்டிக்கொள்கின்றன. உரித்த அந்தக் கணத்தில் டேப்பின் பரப்பு புதிதாகவும் உலர்ந்தும் இருப்பதால், எங்கள் ஊரின் ஈரக்காற்றிலும் இச்சோதனை பெரும்பாலும் பலிக்கிறது. ஆகவே இந்தக் கரையில் இப்பாடத்தைத் தொடங்க வேண்டியது டேப்பில்தான், சீப்பில் அல்ல என்பது என் முடிவு.

இச்சோதனையில் இரண்டு செய்திகள் உள்ளன. விலக்குவதும் ஈர்ப்பதும் ஆகிய இரண்டு நடத்தைகளைக் காண்பதால், மின்னூட்டத்தில் இரண்டு வகை இருந்தாக வேண்டும் என்பது முதலாவது. 1733இல் பிரான்சு நாட்டின் டூ ஃபே என்பவர் இதே முடிவுக்கு வந்து, கண்ணாடியைத் தேய்க்கும்போது தோன்றுவதைக் கண்ணாடி வகை என்றும், ஆம்பர், அரக்கு போன்ற பிசின்களில் தோன்றுவதைப் பிசின் வகை என்றும் பிரித்தார். ஒரே வகை ஒன்றையொன்று விலக்கும். வெவ்வேறு வகை ஈர்க்கும். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்ளின், கண்ணாடியில் தோன்றுவதை நேர் என்றும் மற்றதை எதிர் என்றும் குறிக்கத் தொடங்கினார். எதை நேர் என்பது, எதை எதிர் என்பது என்று சொல்ல அவரிடம் இயற்கை தந்த சான்று ஏதும் இல்லை. வசதிக்காக வைத்த பெயர்தான். 1897இல் ஜே.ஜே. தாம்சன், அணுவுக்குள் இருக்கும் எலக்ட்ரான் என்னும் நுண்துகளைக் கண்டறிந்தபோது அது எதிர்ப் பக்கத்தில் விழுந்துவிட்டது. எலக்ட்ரான் நகரும் திசைக்கு நேர்மாறாக மின்னோட்டத்தின் திசையைப் பிள்ளைகள் இன்றும் அம்புக்குறியிட்டு வரைவதற்குக் காரணம் இதுவே. எலக்ட்ரான் என்ற சொல்லும் ஆம்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஆம்பர் என்பது மரப்பிசின் இறுகிக் கல்லானது. நம் கடற்கரையில் அவ்வப்போது பேசப்படும் திமிங்கலத்தின் அம்பர்கிரிஸ் முற்றிலும் வேறு பொருள்.

இரண்டாவது செய்தி, உராய்வால் மின்சாரம் உண்டாகிறது என்று நாம் மனப்பாடம் செய்யும் வாக்கியத்தைத் திருத்துகிறது. டேப்பை நாம் எதனோடும் உராயவில்லை. ஒட்டினோம், பிரித்தோம், அவ்வளவுதான். இருவேறு பொருள்கள் நெருங்கித் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்னூட்டம் இடம் மாறுகிறது. தேய்ப்பது என்பது அந்தத் தொடுதலைப் பல்லாயிரம் புள்ளிகளில் திரும்பத் திரும்ப நிகழ்த்தும் வழி மட்டுமே. பிளாஸ்டிக் சீப்பும் முடியும் தொட்டுப் பிரிந்தால் சீப்பு எதிர் மின்னூட்டமும் முடி நேர் மின்னூட்டமும் பெறுகின்றன. கண்ணாடித் தண்டைப் பட்டால் தேய்த்தால் கண்ணாடி நேர் மின்னூட்டம் பெறுகிறது, பட்டு எதிர் மின்னூட்டம் பெறுகிறது. (பட்டுத் துணிக்கு நாங்கள் தேடி அலைவதில்லை, பரமக்குடி நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவரும் துண்டுத் துணியே போதுமானது.) நம் பிள்ளைகளின் தலையில் தேங்காயெண்ணெய் வழிய வழிய இருக்கும் நாட்களில், சீப்புக்கும் முடிக்கும் நடுவே எண்ணெய் படலமாக நின்று அந்த நேரடித் தொடுதலையே தடுத்துவிடுகிறது. மாணவியின் கேள்வியில் "வரவே இல்லையா" என்ற பாதிக்கு இது ஒரு விடை. தலைக்குக் குளித்து நன்றாக உலர்த்திய முடியில் செய்து பார்த்தால் வேறுபாடு தெரியும்.

எவ்வளவு மின்னூட்டம் இடம் மாறுகிறது என்று கேட்டால், கணக்கு வியப்பூட்டும். மின்னூட்டத்தை அளக்கும் அலகு கூலும். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலும். 2019 முதல் இந்த எண்ணை மாறாத மதிப்பாக நிலைநிறுத்தியே மின்னோட்டத்தின் அலகான ஆம்பியரும் வரையறுக்கப்படுகிறது. உலகில் தனித்துக் காணப்படும் எந்த மின்னூட்டமும் இந்த அளவின் முழு மடங்காகவே இருக்கும். மீனை அரை மீனாக எண்ணிக் கூடையில் போட முடியாதது போல, அரை எலக்ட்ரான் இடம் மாறுவது என்பது இல்லை. நன்றாகத் தேய்த்த சீப்பில் கூலும்மில் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மின்னூட்டம் ஏறியிருக்கிறது என்று கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 6,000 கோடி எலக்ட்ரான்கள் முடியிலிருந்து சீப்புக்கு வந்திருக்க வேண்டும். பெரிய தொகையாகத் தோன்றுகிறது. ஆனால் 10 கிராம் எடையுள்ள சீப்பில் ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டால், வந்து சேர்ந்தது ஏறத்தாழ ஐம்பது இலட்சம் கோடியில் ஒன்றுதான். மற்றவை எல்லாம் அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் நேர் மின்னூட்டத்தோடு சரிக்குச் சரியாய் ஈடுகட்டி நிற்பதால் வெளியே தெரிவதில்லை. நம்மைச் சுற்றியுள்ள பொருள்களில் மின்னூட்டம் இல்லை என்று சொல்வது தவறு. அளவிட முடியாத அளவுக்கு இருக்கிறது, இருபுறமும் சமமாக இருக்கிறது.

சீப்பு பெற்ற அளவும் முடி இழந்த அளவும் துல்லியமாகச் சமம். மின்னூட்டத்தைப் புதிதாக ஆக்கவும் முடியாது, இல்லாமல் அழிக்கவும் முடியாது. மொத்தக் கூட்டுத்தொகை என்றும் மாறாது. மின்னூட்ட அழிவின்மை விதி என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான். ஆகவே சீப்பில் ஏறியது காணாமற்போயிற்று என்றால், அது இல்லாமல் போகவில்லை, வேறெங்கோ போயிருக்கிறது என்றுதான் பொருள். மாணவி இவ்விதியைப் படிக்கும் முன்பே "எங்கேயாவது போயிடுச்சா" என்று கேட்டுவிட்டாள்.

ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறது என்று பலரும் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். அது முழுக்கச் சரியன்று. காற்றில் நீராவி கூடினாலும் அது நல்ல கடத்தியாகிவிடுவதில்லை. உண்மையில் நடப்பது பொருளின் மேற்பரப்பில். காற்றில் ஈரப்பதம் மிகும்போது சீப்பின்மேலும் அதைப் பிடித்திருக்கும் விரலின்மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. தூய நீர் அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் எங்கள் கரையில் அந்தப் படலம் தூய நீராக இருப்பதில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்திவலைகள் உலர்ந்து, உப்புத்துகளாகக் காற்றில் மிதந்து, சன்னல் கம்பியிலும் மேசையிலும் சீப்பிலும் வந்து படிகின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். உப்புச் சாடியைத் திறந்து வைத்தால் கசிந்துவிடுகிறது என்று வீட்டில் சொல்வது இதைத்தான். உப்பு கரைந்த நீரில் மின்னூட்டம் பெற்ற அணுக்களான சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் தடையின்றி நகரும். ஆக, சீப்பின் பற்களில் ஏறிய மின்னூட்டம் இந்த உவர்நீர்ப் படலத்தின் வழியே கைப்பிடிக்கு வந்து, விரலுக்கு வந்து, உடல் வழியாகத் தரைக்கு இறங்கிவிடுகிறது. நாம் சீவி முடித்துக் காகிதத்தை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இதே தோல்வியைச் சந்தித்து அதிலிருந்து ஒரு பெரும் உண்மையைப் பெற்றவர் ஸ்டீபன் கிரே. இங்கிலாந்தின் கான்டர்பரி நகரில் சாயத்தொழில் செய்தவர். 1729இல் அவர் கண்ணாடிக் குழாயைத் தேய்த்து, அதில் தோன்றும் ஈர்ப்பை நீண்ட சணல் கயிற்றின் வழியாக மறுமுனைக்கு அனுப்பிப் பார்த்தார். மாடியிலிருந்து நேராகத் தொங்கவிட்டபோது மறுமுனையில் இருந்த பந்து இலேசான துணுக்குகளை ஈர்த்தது. கயிற்றைக் கிடையாகக் கட்ட விரும்பி, அதைத் தாங்குவதற்கு உத்தரத்திலிருந்து அதே சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டார். மறுமுனையில் ஒன்றும் நடக்கவில்லை. தாங்குகிற கயிறு வழியாகவே அது உத்தரத்துக்கு ஓடிவிடுகிறது என்று உணர்ந்து, நண்பர் ஒருவரின் யோசனைப்படி மெல்லிய பட்டு நூலால் தாங்கியபோது, நூற்றுக்கணக்கான அடி தொலைவுக்கு அது சென்றது. பட்டு மெல்லியதாக இருப்பதால்தான் தப்பவிடவில்லை என்று அவர்கள் எண்ணினார்கள். ஒரு முறை பட்டு நூல் அறுந்துவிடவே, அதைவிட வலுவான பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். சோதனை மறுபடியும் படுத்துவிட்டது. மெல்லிய கம்பிதான், ஆனாலும் தப்பவிட்டது. ஆகவே காரணம் தடிமன் அல்ல, பொருள் என்பது புலப்பட்டது. கடத்தி என்றும் கடத்தாப் பொருள் என்றும் உலகத்துப் பொருள்களைப் பிரிக்கும் அறிவு இப்படிப் பிறந்தது. சணல் கயிறு கடத்தியதற்குக் காரணம் அதன் நாரில் ஊறிய ஈரம் என்பதை நம் வல்லம் என்னும் நாட்டுப் படகின் கயிற்றைத் தினமும் கையாளுகிற பிள்ளைகளுக்கு நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு கட்டுண்டு கிடக்காமல் உலவுகின்றன. அதனால் ஓரிடத்தில் வைத்த மின்னூட்டம் நொடியில் பரப்பெங்கும் பரவுகிறது. பிளாஸ்டிக், கண்ணாடி, மெழுகு, உலர்ந்த பட்டு ஆகியவற்றில் எலக்ட்ரான்கள் தத்தம் இடத்திலேயே நிற்பதால், தேய்த்த இடத்திலேயே மின்னூட்டம் தங்கிவிடுகிறது. இப்படித் தங்கி நிற்பதைத்தான் நிலைமின்சாரம் என்கிறோம். எங்கள் வகுப்பின் சீப்பு கடத்தாப் பொருளே. அதன்மேல் படிந்த உவர்நீரே கடத்தி.

இதை நம்ப மறுப்பவர்கள், பனி பெய்யும் தை மாதத்து விடியற்காலையில் கடலோரச் சாலையில் மின்கம்பத்தின் கீழ் ஒரு நிமிடம் நின்று கேட்கட்டும். கம்பியைத் தாங்கும் பீங்கான் தாங்கிகளிலிருந்து சிடுசிடு என்று மெல்லிய சீறல் கேட்கும். மழையில்லாத மாதங்களில் பீங்கானின்மேல் உப்பு அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கும். உலர்ந்த உப்பால் பெரிய கேடில்லை. பனியோ சிறு தூறலோ அதை நனைத்தவுடன் அது கடத்தும் படலமாகி, பரப்பின் வழியே மின்சாரம் கசியத் தொடங்குகிறது. கசிவு முற்றினால் பொறி பறந்து மின்சாரமே நின்றுவிடும். பெருமழை வந்தால் உப்பைக் கழுவிக் கொண்டுபோய்விடுவதால் நிலைமை சீராகிறது. தூறல்தான் துன்பம் தருவது. அந்தப் பீங்கான்கள் ஏன் குடைக்குமேல் குடை கவிழ்த்தது போல மடிப்பு மடிப்பாக இருக்கின்றன என்றால், மேற்பரப்பில் கசிவு கடக்க வேண்டிய வழியை நீட்டுவதற்கும், மடிப்பின் அடிப்பக்கம் நனையாமல் இருப்பதற்கும்தான். சீப்பில் தோற்றதும் மின்கம்பத்தில் சீறுவதும் ஒரே செயல் என்று தெரிந்த அன்று, அந்த வகுப்பில் இருந்த அமைதியை நான் மறக்கமாட்டேன்.

இனி விசையின் அளவு. 1785இல், மின்னூட்டத்தின் அலகுக்குத் தம் பெயரைத் தந்த பிரான்சு நாட்டு அறிஞர் கூலும், மெல்லிய கம்பியின் முறுக்கத்தை வைத்து விசையை அளக்கும் முறுக்குத் தராசு ஒன்றை அமைத்து, இரு மின்னூட்டங்களுக்கு இடையேயான விசை அவற்றின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்திலும், இடைத்தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் இருப்பதை நிறுவினார். தொலைவு இரண்டு மடங்கானால் விசை நான்கில் ஒன்றாகிறது. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. வாய்பாட்டில் வரும் மாறிலி 9 × 10⁹ என்னும் பேரெண். இந்த எண் எவ்வளவு பெரிது என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த நான் பாம்பன் பாலத்தைத் துணைக்கு அழைப்பது வழக்கம். பாலத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மண்டபம் முனையில் 1 கூலும் மின்னூட்டமும் பாம்பன் முனையில் 1 கூலும் மின்னூட்டமும் இருப்பதாகவும், இடைத்தொலைவு சரியாக 2 கிலோமீட்டர் என்றும் கொண்டு கணக்கிட்டால், விசை 2,250 நியூட்டன் வருகிறது. கடலைத் தாண்டி அவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு ஏறத்தாழ 230 கிலோ எடையைத் தூக்கப் போதுமான விசை அது. இதனால்தான் 1 கூலும் மின்னூட்டத்தை ஓரிடத்தில் குவித்து வைப்பது இயலாது. அதற்கு வெகு முன்பே காற்று தாங்காமல் பொறியாக உடைந்துவிடும். சீப்பில் ஏறும் அளவுள்ள இரண்டு மின்னூட்டங்கள் 10 செ.மீ. இடைவெளியில் இருந்தால், விசை வெறும் 9 மில்லிகிராம் எடைக்குச் சமம். ஒரு சிறு காகிதத் துணுக்கின் எடையும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

ஆனால் காகிதத்துக்கு மின்னூட்டமே இல்லையே, அது ஏன் வருகிறது என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். எதிர் மின்னூட்டம் பெற்ற சீப்பு அருகே வரும்போது, காகிதத்தின் மூலக்கூறுகளில் உள்ள எலக்ட்ரான்கள் சற்றே அப்பால் தள்ளப்படுகின்றன; சீப்பை நோக்கிய பக்கத்தில் நேர் மின்னூட்டமும் மறுபக்கத்தில் எதிர் மின்னூட்டமும் மேலோங்கி நிற்கின்றன. இரண்டும் சமமே. எனினும் நேர்ப்பக்கம் சீப்புக்கு ஒரு நூல் அளவு நெருக்கத்தில் இருக்கிறது. தொலைவின் இருமடி விதிப்படி நெருங்கியதன் ஈர்ப்பு எட்டியதன் விலக்கத்தை வென்றுவிடுகிறது. ஒட்டிய துணுக்கு சிறிது நேரத்தில் திடீரென்று தெறித்து விழுவதையும் கவனித்திருப்பீர்கள்: தொட்ட இடத்தில் சீப்பின் எதிர் மின்னூட்டத்தில் ஒரு பங்கைக் காகிதமும் வாங்கிக்கொள்வதால், இப்போது இரண்டும் ஒரே வகையாகி விலகுகின்றன. பாடத்தில் ஈர்ப்பை மட்டும் எழுதிவிட்டு இந்தத் தெறிப்பை விட்டுவிடுவது பெரிய இழப்பு என்று கருதுகிறேன்.

இந்தக் கரையில் சோதனையைப் பலிக்கவைக்கும் முறைகளைச் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் காற்று குளிர்ந்து ஒப்பு ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். பிற்பகலில் கடற்காற்று ஏறிவிடும். ஆகவே வெயில் ஏறியபின், கடற்காற்று தொடங்குமுன், முற்பகல் பத்து பதினொரு மணிக்குச் செய்வதே நல்லது. ஆனி, ஆடி மாதங்களில், வறண்ட கண்மாய்களையும் பொட்டல்களையும் கடந்து மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் ஈரம் குறைவு. அந்நாட்களில் சீப்பே போதும். சீப்பைவிட ஒரு முழம் நீளமுள்ள பிவிசி குழாய்த் துண்டு சிறந்தது, ஏனெனில் கைக்கும் தேய்த்த முனைக்கும் இடையே கசிவுக்கு நீண்ட வழி கிடைக்கிறது. குழாயை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, கடும் வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் கம்பளித் துண்டால் தேய்க்க வேண்டும். கம்பளியும் வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். மழை நாட்களில் நாங்கள் பள்ளியின் குளிரூட்டப்பட்ட கணினி அறைக்குப் போய்விடுகிறோம். குளிரூட்டி காற்றிலுள்ள நீரைப் பிழிந்து வெளியே சொட்டவிடுவதால் அறை உலர்ந்திருக்கும். ஐப்பசியில் வகுப்பறையில் தோற்ற அதே சீப்பு, அங்கே அரை மணி நேரம் வைத்திருந்தபின் வேலை செய்தது.

சீப்பும் குழாயும் இல்லாமல் நிலைமின்சாரத்தைத் தினமும் கையில் காணும் இடம் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. மீன் இறங்குதளத்தில் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் தெர்மாகோல் பெட்டி உடையும்போது உதிரும் வெண்மணிகளை ஒரு கச்சான் காற்று நாளில் கவனியுங்கள். ஒரு மணியை முன்கையிலிருந்து விரலால் தட்டினால் விரலில் ஒட்டுகிறது, விரலை மற்றக் கையால் தட்டினால் அந்தக் கைக்குத் தாவுகிறது, ஊதினாலும் போவதில்லை. மிகக் குறைந்த எடையும், கடத்தாத பொருளும், பெட்டி உடைகையில் மணிக்கு மணி நேர்ந்த உரசலும் சேர்ந்து அப்படிச் செய்கின்றன. கையை ஈரப்படுத்தித் தடவினால் உடனே விட்டுவிடும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

இனி எச்சரிக்கைகள். உலர்ந்த நாளில் செயற்கை இழைத் துணி உடுத்தி, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டால் சுருக்கென்று குத்துகிறதல்லவா, அந்த வேளையில் நம் உடலின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்கும். காற்றை உடைத்துப் பொறி பாய மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவை. அவ்வளவு வோல்ட் இருந்தும் நாம் சாகாததற்குக் காரணம், பாயும் மின்னூட்டமும் ஆற்றலும் மிகச் சிறியவை. ஆற்றல் மில்லிஜூல் அளவில்தான் இருக்கும். ஆனால் காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான பொறியே போதும். வெளிப்பொருத்து இயந்திரம் வைத்த படகுகளுக்குக் கேனில் பெட்ரோல் வாங்கும் குடும்பத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்வேன்: கேனை வண்டியின் மேலோ கையில் தூக்கிப் பிடித்தோ நிரப்பக் கூடாது, தரையில் வைத்து, குழாய்முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்க, மெதுவாக நிரப்ப வேண்டும். குழாயில் பாயும் எரிபொருளே உராய்ந்து மின்னூட்டம் பெறும் என்பதை மறக்கலாகாது.

மின்னலும் இதே கதையின் பெரிய வடிவமே. இடிமேகத்துக்குள் பனிப்படிகங்களும் மென்பனிக்கட்டிகளும் மோதிப் பிரியும்போது மின்னூட்டம் இடம் மாறி, இலேசான படிகங்கள் நேர் மின்னூட்டத்தோடு மேலே போக, கனமானவை எதிர் மின்னூட்டத்தோடு கீழே தங்குகின்றன. மேகத்தின் அடிப்பக்கத்து எதிர் மின்னூட்டம், காகிதத்துக்குச் சீப்பு செய்ததைப் போலவே, கீழே உள்ள நிலத்திலும் கடலிலும் நேர் மின்னூட்டத்தைத் தூண்டுகிறது. தரைக்கு இறங்கும் ஒரு மின்னலில் உச்ச மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவுக்குப் போகும். அது பாயும் காற்று சூரியனின் மேற்பரப்பைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பமடைந்து வெடித்து விரிவதே இடி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் ஆபத்தின் எல்லைக்குள் இருக்கிறோம். மேடு பள்ளம் அதிகமில்லாத நம் நிலத்தில் ஓங்கி நிற்பவை பனையும் தென்னையும். அவற்றின் அடியில் ஒதுங்குபவர் மேல் மரத்திலிருந்து பக்கவாட்டில் மின்னல் தாவும். கடலில் ஃபைபர் படகு கடத்தாப் பொருள் என்பதை நம்பி நிமிர்ந்து நிற்கக் கூடாது. அந்தப் பரப்பில் மிக உயரமாக இருப்பவர் நாமே. முதல் இடி கேட்டவுடன் கரைக்குத் திரும்புவதும், முடியாதபோது கொடிக்கம்பைச் சாய்த்துவிட்டு, உலோகத்தையும் நீரையும் தொடாமல் படகின் அடியில் குறுகி அமர்வதும்தான் செய்யத்தக்கவை. மூடிய உலோகப் பேருந்திலோ இரயில் பெட்டியிலோ இருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார். கடத்தியின் மின்னூட்டம் வெளிப்பரப்பிலேயே நிற்கும் என்பதை 1836இல் இங்கிலாந்து அறிவியலாளர் ஃபாரடே, உலோகத்தால் போர்த்திய அறைக்குள் தாமே சென்று அமர்ந்து மெய்ப்பித்தார்.

அந்த மாணவி இத்தனையையும் கேட்டுவிட்டு, கார்த்திகையில், மின்னூட்டம் இருப்பதைக் காட்டும் நிலைமின்காட்டி ஒன்றைத் தானே செய்து கொண்டுவந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டில், அதன் மூடித் துளையில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிய அடைப்பு, அதன் நடுவே செருகிய செம்புக்கம்பி, கம்பியின் கீழ்முனையில் சாக்லேட் உறையின் அலுமினியத் தாளிலிருந்து வெட்டிய இரண்டு மெல்லிய இலைகள். மின்னூட்டம் பெற்ற குழாயால் கம்பியைத் தொட்டால் இரு இலைகளும் ஒரே வகை மின்னூட்டம் பெற்று விரிந்து நிற்கும். முதல் நாள் விரிந்த இலைகள், அவள் இருபது எண்ணுவதற்குள் சாய்ந்துவிட்டன. எங்கே போகிறது என்று அவளே தேடினாள். அடுத்த நாள், புதுச் செருப்புப் பெட்டியில் கிடந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை வெயிலில் காயவைத்துப் பாட்டிலின் அடியில் போட்டு, மெழுகின் மேற்புறத்தை நல்ல தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து உலர்த்தி, மூடியைச் சுற்றிலும் மெழுகு பூசி அடைத்துக்கொண்டு வந்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மூன்றாம் பாடவேளையின் தொடக்கத்தில் கம்பியைத் தொட்டாள். மதிய உணவுக்கு மணி அடித்தபோதும் இலைகள் முழுதாக மூடியிருக்கவில்லை; யாரும் எழுந்து போகவும் இல்லை.